சந்தையிலிருந்து பட்டிவரை: ஆடுகளை வதைக்காமல் வண்டியில் கொண்டுவருவது எப்படி

முதன்முதலாக ஆடு வாங்கப் போனபோது எனக்கு விலை பேசுவதில் மட்டும்தான் பயம் இருந்தது. மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்தேன். பதினான்கு வெள்ளாடுகளை வாங்கி, குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றில் நெருக்கி ஏற்றி, சித்திரை வெயிலில் பதினொரு மணிக்குக் கிளம்பினேன். பாதி வழியில் வண்டியை நிறுத்தி மருத்துவச் சான்று கேட்டார்கள். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. பேசி முடித்து அங்கிருந்து நகர இரண்டு மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் வண்டி நிழலே இல்லாத சாலையோரத்தில் நின்றது. வீட்டுக்கு வந்து தார்ப்பாயை விலக்கினால், ஒரு குட்டி மற்ற ஆடுகளின் காலடியில் மிதிபட்டுச் செத்துக் கிடந்தது. நான்காம் நாள் ஒரு ஆட்டுக்குச் சினை கலைந்தது.

கறிக்காகத்தான் வளர்க்கிறோம். ஒருநாள் அது வெட்டுக்குப் போகும் என்பது வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் குட்டி அப்படிச் சாக எந்த அவசியமும் இல்லை. பட்டியில் பிள்ளைபோலப் பார்த்துக்கொள்கிறவர்கள்கூட, ஆடு வண்டியில் ஏறியதும் அதைச் சரக்காக நினைத்துவிடுகிறோம். அந்த ஒரு நாளை எப்படித் திட்டமிடுவது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் பத்து, இருபது ஆடுகளோடு புதிதாகத் தொடங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. சட்டம் கேட்கிற காகிதங்களும் ஆட்டின் உடம்பு கேட்கிறவையும் பெரும்பாலும் ஒன்றேதான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

1. கொட்டில் தயாராகும்வரை சந்தைக்குப் போகாதீர்கள்

வண்டி வந்து நிற்கும்போது கூரை வேய்ந்துகொண்டிருக்கக் கூடாது. புது ஆடுகளுக்கென்று தனி இடம் வேண்டும். ஏற்கெனவே ஆடுகள் இருந்தால், அவற்றின் கொட்டிலுக்குக் காற்று போகாத தூரத்தில் அது இருக்க வேண்டும். தரை காய்ந்திருக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டி நிழலில் இருக்க வேண்டும், மூன்று நாளைக்கான காய்ந்த தீவனமாவது கையில் இருக்க வேண்டும். கடலைக்கொடி, சோளத்தட்டை எது கிடைத்தாலும் சரி. விற்பவரிடம் ஆடு இதுவரை என்ன தின்றது என்று கேட்டு, அதே தீவனத்தை முதல் வாரத்துக்கு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

2. மாதம், கிழமை, மணி

பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசிவரை நீண்ட தூரம் ஆடு கொண்டுவருவதை முடிந்தவரை தவிருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் வேண்டாம். நனைந்த ஆட்டுக்குக் காற்றுபட்டால் இரண்டே நாளில் சளி நெஞ்சில் இறங்கும். தை, மாசி எனக்கு ஒத்துவந்த மாதங்கள். ஆடியில் காற்று பலமாக இருக்கும், வண்டியின் முன்பக்கம் தடுப்பு இருந்தால் சமாளிக்கலாம். தீபாவளி, பொங்கல், பக்ரீத், ஊர்த் திருவிழாக்களுக்கு முந்தைய வாரச் சந்தைகளில் விலையும் கூடும், கூட்டமும் கூடும். அந்தக் கூட்டத்தில் ஆட்டை நிதானமாகப் பார்க்கவும் முடியாது, மெதுவாக ஏற்றவும் விடமாட்டார்கள். புதிதாக வாங்குகிறவர்களுக்கு அந்த வாரங்கள் ஆகாது.

ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு கிழமை உண்டு. அய்யலூர் என்றால் வியாழன், எட்டயபுரம் என்றால் சனி. பெரும்பாலும் விடியுமுன்பே கூடி, காலை முடிவதற்குள் கலைந்துவிடும். ஆகவே முந்தின நாளே போய்ப் பக்கத்தில் தங்குவது நல்லது. அதைவிட நல்லது, வாங்குவதற்கு முந்தைய வாரம் ஒருமுறை வெறுங்கையோடு போய்ப் பார்த்து வருவது. வண்டி எங்கே நிற்கிறது, ஏற்றுகிற மேடை இருக்கிறதா, தண்ணீர் எங்கே கிடைக்கிறது, கால்நடை மருத்துவர் சந்தைக்கு வருகிறாரா என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும்.

3. காகிதங்கள்: முந்தின நாளே தொடங்குங்கள்

நான் தவறவிட்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அதன்கீழ் 1978-இல் விலங்குகளைக் கொண்டுசெல்வதற்கான விதிகள் வந்தன. ஆடு, செம்மறிக்கான பகுதி 64 முதல் 75 வரையிலான விதிகள். தொழில் செய்யப்போகிறீர்கள் என்றால் அந்தப் பன்னிரண்டு விதிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது.

முதலாவது, பயணத் தகுதிச் சான்று. தகுதி பெற்ற கால்நடை மருத்துவர் ஆடுகளைப் பார்த்து, இவை பயணத்தைத் தாங்கும், தொற்றுநோய் இல்லை, ஒட்டுண்ணி நோய் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். இதற்கென்று விதிகளோடு இணைத்த படிவம் உண்டு, வெள்ளைத்தாளில் இரண்டு வரி எழுதி வாங்கினால் போதாது. அந்தப் படிவத்தில் சோதித்த தேதியும் நேரமும், ஆடுகளின் எண்ணிக்கை, கிடாவா பெட்டையா, வயது, இனம், அடையாளம், எங்கிருந்து எங்கே எந்த வழியாக என்பதெல்லாம் இருக்கும். போதுமான தீனியும் தண்ணீரும் கொடுக்கப்பட்டன என்ற உறுதிமொழியும் அதிலேயே இருக்கிறது. முக்கியமான ஒன்று: கிளம்புவதற்கு 12 மணி நேரத்துக்குள் சோதித்ததாக அந்தப் படிவம் சொல்கிறது. முந்தாநாள் வாங்கிய சான்றோ, விற்பவர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தருகிற பழைய சான்றோ செல்லாது. சான்று இல்லாத ஆடுகளை ஏற்ற வண்டிக்காரர் மறுக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. நல்ல ஓட்டுநர்கள் மறுப்பார்கள், கோபப்படாதீர்கள்.

இங்கேதான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சந்தை விடியலிலேயே முடிகிறது, ஆனால் கால்நடை மருந்தகம் திறக்க எட்டு மணியாவது ஆகும். ஐந்து மணிக்கு வாங்கிய ஆடுகளை எட்டு, ஒன்பதுவரை எங்கே வைப்பது? வண்டியில் மட்டும் ஏற்றி வைக்காதீர்கள். முந்தின நாளே சந்தைக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு நேரில் போய், நாளை இத்தனை ஆடுகள் வாங்கப்போகிறேன், இன்ன ஊருக்குக் கொண்டுபோகிறேன், எத்தனை மணிக்குப் பார்ப்பீர்கள் என்று கேட்டு வைத்துவிடுங்கள். படிவத்தையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள். சந்தையை ஒட்டி மரத்தடியோ யாராவது ஒருவரின் பட்டியோ இரண்டு மூன்று மணி நேரத்துக்குக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். எனக்கு ஒரு டீக்கடைக்காரர் பின்கட்டைக் கொடுத்தார். ஆடுகள் படுத்து அசைபோட்டுத் தண்ணீர் குடித்தன, மருத்துவர் வந்தபோது நிதானமாக ஒவ்வொன்றையும் பார்க்க முடிந்தது. அந்த இளைப்பாறல் சான்றுக்காகத்தான் கிடைத்தது. சான்று தேவையில்லை என்றிருந்தால் நான் உடனே ஏற்றிக்கொண்டு கிளம்பியிருப்பேன்.

இரண்டாவது, வாங்கிய ஆதாரம். சந்தை நுழைவுக் கட்டண ரசீது, விற்பவரின் பெயர், ஊர், கைபேசி எண், ஆடுகளின் நிறம், அடையாளம், விலை எழுதிய ஒரு சீட்டு, அதில் அவர் கையெழுத்து. துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசி முடிக்கிற இடத்தில் சீட்டு கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள், பணம் முழுதும் கைமாறிய பிறகு கேட்டால் கிடைக்காது. ஆட்டின் காதில் பன்னிரண்டு இலக்கக் காதணி இருந்தால் அந்த எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வண்டியில் ஒட்டுகிற அட்டை. அனுப்புபவர், பெறுபவர் பெயர், முகவரி, தொலைபேசி எண், எத்தனை ஆடு, என்ன வகை, எவ்வளவு தீனி கூடவே போகிறது என்பதைத் தடித்த சிவப்பு எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். இதை யாருமே செய்வதில்லை. எனக்கு ஒரு அட்டையும் ஒரு சிவப்புப் பேனாவும்தான் செலவு. அடுத்த முறை வண்டியை நிறுத்தியவர்கள் அந்த அட்டையைப் பார்த்து, சான்றைப் புரட்டி, ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டார்கள்.

நான்காவது, வண்டியின் ஆர்.சி., காப்பீடு, தகுதிச் சான்று, அனுமதி. ஓட்டுநரிடம் இருக்கும் என்று நம்பாமல், பேசும்போதே கைபேசியில் படம் அனுப்பச் சொல்லுங்கள்.

இவை தவிர, கிளம்புவதற்கு முன்பே விதிகளெல்லாம் கடைப்பிடிக்கப்பட்டன என்று அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ அமைப்பிடமோ ஒரு சான்று வாங்க வேண்டும் என்று 2001-இல் சேர்த்த 96-ஆம் விதி சொல்கிறது. உங்கள் மாவட்டத்தில் அதை யார் தருகிறார்கள் என்பதைக் கால்நடை பராமரிப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்திலோ மாவட்ட விலங்குகள் வதைத் தடுப்புச் சங்கத்திலோ ஒரு வாரம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாநிலம் தாண்டிக் கொண்டுவருவதாக இருந்தால் இரண்டு பக்கமும் கேளுங்கள். முதல்முறை வாங்குகிறவர்கள் மாநிலம் தாண்டவே வேண்டாம் என்பது என் எண்ணம்.

அபராதத் தொகை பெரிதில்லையே என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். ஆனால் வழக்குப் பதிவானால் ஆடுகள் காப்பகத்துக்குப் போகலாம், அங்கே ஆகிற பராமரிப்புச் செலவு உங்கள் தலையில் விழலாம். அதற்கெல்லாம் முன்னால், வண்டி நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் உள்ளே இருக்கிற ஆடு வெந்துகொண்டிருக்கும்.

4. வண்டி: டேப் எடுத்து அளந்துவிடுங்கள்

"இருபது ஏத்தலாம் சார்" என்று ஓட்டுநர் சொல்வார். இருபதும் உள்ளே போகும்தான், ஆனால் கால் மடக்க ஒன்றுக்கும் இடம் இருக்காது.

1978 விதிகளின்படி, 20 கிலோவுக்கு உட்பட்ட ஆட்டுக்கு 0.18 சதுர மீட்டர், 20 முதல் 25 கிலோவரை 0.20, 25 முதல் 30 வரை 0.23, அதற்கு மேல் 0.28 வேண்டும். 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதி இன்னும் கூடுதலாக, ஆடு ஒன்றுக்கு 0.3 சதுர மீட்டர் கேட்கிறது. விலங்குகள் ஏற்றுகிற வண்டியில் நிரந்தரத் தடுப்புகள் வைத்துத் தனித்தனியாகக் கொண்டுபோக வேண்டும் என்றும் அது சொல்கிறது. பெரிய அளவையே பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் பேசிய குட்டி யானையின் பெட்டி ஏழடி நீளம், ஐந்தடி அகலம். முப்பத்தைந்து சதுர அடி, அதாவது சுமார் 3.25 சதுர மீட்டர். 0.3 ஆல் வகுத்தால் பத்து ஆடு. முதல்முறை அதே அளவு வண்டியில் நான் ஏற்றியது பதினான்கு. நாலு ஆடுதானே கூடுதல் என்று தோன்றலாம். அந்த நாலுதான் குட்டி விழுந்தபோது எழுந்திருக்க இடமில்லாமல் செய்தது. ஆடு பயணத்தில் விழும். விழுந்தால் எழுந்து நிற்க இடம் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும்.

நாலரை, ஐந்து டன் லாரி என்றால் நாற்பது ஆடுகளுக்கு மேல் கூடாது. பெரிய வண்டிகளில் இரண்டு மூன்று மீட்டருக்கு ஒரு குறுக்குத் தடுப்பு வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் போடும்போது எல்லாம் முன்பக்கம் குவியும். அதேபோல, தேவைக்கு மேல் பெரிய வண்டியில் ஐந்தாறு ஆடுகளைத் தளர்வாக விட்டாலும் அடிபடும். தடுப்பு வைத்து இடத்தைச் சுருக்குங்கள்.

வழக்கமாகக் கால்நடை ஏற்றுகிற, தடுப்பு வைத்த வண்டியாகத் தேடுங்கள். சிமெண்ட், உரம், ரசாயனம் ஏற்றிய வண்டியென்றால் கழுவிக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். தரையில் வைக்கோல் குறைந்தது 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் போட வேண்டும். இதுவும் விதியில் இருக்கிறது. தகரத் தரையில் ஆட்டின் குளம்பு நிற்காது, மூத்திரம் பட்டதும் வழுக்கும். மேலே தார்ப்பாய் வெயிலுக்குத்தான். பக்கங்களை மூடாதீர்கள், காற்று உள்ளே ஓட வேண்டும். முதலுதவிப் பெட்டி கூடவே வர வேண்டும்.

இரு சக்கர வாகனத்தில் காலைக் கட்டிக் குறுக்கே போட்டுக்கொண்டு போவது நம் ஊர்ச் சாலைகளில் அன்றாடம் பார்க்கிற காட்சி. ஒரே ஒரு ஆடுதான் வாங்கினாலும் செய்யாதீர்கள். காலைக் கட்டக் கூடாது என்று விதி நேரடியாகவே சொல்கிறது. குதித்துவிடும் என்ற நிலையில்தான் ஆட்டைக் கட்டிவைக்கவே அனுமதி, அப்போதும் காலைக் கட்டக் கூடாது. கால் கட்டிக் கிடக்கிற ஆட்டின் வயிற்றில் வாயு சேர்ந்து உப்பும், மூச்சு திணறும். ஷேர் போட்டு ஒரு சின்ன வண்டி பிடியுங்கள்.

5. எதை வாங்குவது, எதை வாங்கவே கூடாது

நல்ல இனம், நல்ல விலை பற்றிச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் பயணத்தைத் தாங்குமா என்பதை மட்டும் சொல்கிறேன்.

கீழ் இமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் குடற்புழு ரத்தத்தைக் குடித்திருக்கிறது. பின்பக்கம் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா, புழுக்கை உருண்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். மூக்கில் ஒழுக்கு, உதட்டில் புண், நொண்டல் எது இருந்தாலும் விட்டுவிடுங்கள். பல்லைப் பாருங்கள்: எல்லாம் பால்பல் என்றால் ஒரு வயதுக்கு உட்பட்டது, இரண்டு பல் போட்டிருந்தால் ஒன்று, ஒன்றரை வயது.

வயிறு மட்டும் பானைபோல இருந்து மற்ற உடம்பு ஒட்டியிருந்தால் கவனம். எடை கூட்டிக் காட்டுவதற்காக வலுக்கட்டாயமாகத் தண்ணீர் புகட்டிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குள் போனால் அது பிழைப்பதே கடினம். இருமுகிற, மூச்சில் கரகரப்புக் கேட்கிற ஆட்டை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அப்படிச் செய்கிறவரிடம் வாங்காமல் இருந்தால்தான் அந்த வழக்கம் நிற்கும்.

நோயுற்றது, கண் தெரியாதது, எலும்பும் தோலுமானது, நொண்டுவது, குட்டி போட்டு 72 மணி நேரம் ஆகாதது, வழியில் ஈன்றுவிடக்கூடியது, இப்போதுதான் பிறந்த குட்டி இவற்றை ஏற்றவே கூடாது என்பது விதி. ஆட்டுக்குச் சினைக்காலம் சுமார் 150 நாள். "நிறைசினை, போனதும் குட்டி போடும், ஒரு விலையில் ரெண்டு ஆடு" என்று ஆசை காட்டுவார்கள். எனக்குச் சினை கலைந்தது அப்படி வாங்கிய ஆட்டுக்குத்தான். பிடித்திருந்தால் முன்பணம் கொடுத்து, அவர் ஊரிலேயே ஈன்று, குட்டி தேறிய பிறகு போய்க் கூட்டி வாருங்கள். பால் மறக்காத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வாங்குவதும் வேண்டாம்.

சந்தையே வேண்டாம் என்று முடிவெடுத்து, ஒரே பட்டியிலிருந்து மொத்தமாக வாங்குவது இதையெல்லாம்விட நல்லது. ஒன்றையொன்று தெரிந்த ஆடுகள் வண்டியில் முட்டிக்கொள்ளாது. தடுப்பூசி விவரமும் நம்பிக்கையாகக் கிடைக்கும். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

6. ஏற்றுவது

அவசரம் எல்லாவற்றையும் கெடுக்கும் இடம் இது. ஏற்றுக்கூலி தலைக்கு இவ்வளவு என்று பேசினால், அவர்கள் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக வீசுவார்கள். காதைப் பிடித்து, கொம்பைப் பிடித்து, ஒற்றைக் காலைப் பிடித்துத் தூக்கி எறிவதைப் பார்த்திருக்கிறேன். தலைக்கணக்கு வேண்டாம். மொத்தமாக ஒரு தொகை பேசி, அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, மெதுவாக ஏற்றுங்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள். நீங்களும் கூடவே நில்லுங்கள்.

மேடை இருந்தால் வண்டியைப் பின்பக்கமாக அதில் ஒட்டி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் சாய்வுப் பலகை வேண்டும். நான் பழைய கதவுப் பலகை ஒன்றில் குறுக்குச் சட்டம் அடித்து, மேலே சாக்கு கட்டி வைத்திருக்கிறேன். குளம்புக்குப் பிடிமானம் கிடைத்தால் ஆடு தானாக ஏறும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போக ஆடு தயங்கும், ஆகவே ஏற்றும்போது தார்ப்பாயைச் சுருட்டி வையுங்கள். மந்தைக்கு முன்னால் நடக்கிற மூத்த ஆடு ஒன்று எப்போதும் இருக்கும். அதன் கழுத்துக்கயிற்றைப் பிடித்து முதலில் ஏற்றி, உள்ளே ஒரு கொப்பு வேப்பந்தழையோ அகத்தியோ கட்டித் தொங்கவிடுங்கள். மற்றவை பின்னால் வரும். அடம்பிடிப்பதை ஒரு கை தாடைக்குக் கீழேயும் மறு கை பின்தொடையிலும் கொடுத்துத் தள்ளினால் போதும்.

கிடாவையும் பெட்டையையும் ஒரே தடுப்பில் விடக் கூடாது. செம்மறியும் வெள்ளாடும் தனித்தனி. ஆறு வாரத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கும் தனித் தடுப்பு வேண்டும் என்று விதி சொல்கிறது. நான் அவ்வளவு சின்னக் குட்டியை ஏற்றவே மாட்டேன்.

7. வழியில்

முதல் பத்து நிமிடத்தில் ஒருமுறை நிறுத்தி ஏறிப் பாருங்கள். விழுந்தது, சிக்கியது எல்லாம் பெரும்பாலும் அப்போதே தெரியும். அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தி வாளியில் தண்ணீர் காட்டுங்கள். வண்டி ஓடும்போதுதான் உள்ளே காற்று வரும், அதனால் ஓட்டுநர் சாப்பிடுகிற நேரத்தையும் முன்பே பேசி, மரத்தடியாகப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள். வாயைத் திறந்து இரைக்கிற ஆடு வெப்பத்தில் தவிக்கிறது என்று அர்த்தம். உடனே இறக்கி நிழலில் விட்டு, தண்ணீர் கொடுத்து, கால்களையும் வயிற்றையும் நனையுங்கள். கூடவே ஒரு ஆள் ஆடுகளைக் கவனிப்பதற்கென்றே வரட்டும்.

8. இறக்கிய பிறகு மூன்று வாரம்

ஏற்றிய அதே பலகையில் இறக்குங்கள். முதலில் தண்ணீர், பிறகு காய்ந்த தீவனம். பாவம், பசியோடு வந்திருக்கிறதே என்று அரிசி, சோளம், தவிட்டை அள்ளி வைத்துவிடாதீர்கள். பட்டினி கிடந்த வயிற்றில் தானியம் புளித்து ஆட்டையே கொன்றுவிடும். இப்படித் தானியம், தவிடு கலந்த அடர்தீவனத்தை மூன்று நாலு நாள் கழித்துக் கைப்பிடியில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள்.

21 நாள் மற்ற ஆடுகளோடு சேர்க்காதீர்கள். பயணத்தில் நொந்த ஆட்டுக்கு முதல் பத்து நாளில்தான் காய்ச்சலும் நெஞ்சுச்சளியும் வரும். காலையில் வெப்பமானி வைத்துப் பாருங்கள், 102, 103 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. 104-ஐத் தாண்டினால், தீனி எடுக்காமல் ஒதுங்கி நின்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி கிடைக்கும். குடற்புழு மருந்தும், ஆட்டுக்கொல்லி நோய், துள்ளுமாரித் தடுப்பூசிகளும் எப்போது என்று மருத்துவரையே கேளுங்கள். வந்திறங்கிய அன்றே ஊசி போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

9. செலவு

என் இரண்டாவது பயணத்தின் கணக்கு இது. பத்து ஆடு, எண்பது கிலோமீட்டர். தடுப்பு வைத்த வண்டி வாடகை 3,800 ரூபாய், சாதாரண வண்டி 3,000-க்கே கிடைத்திருக்கும். ஏற்றுக்கூலி மொத்தமாக 500. வைக்கோல் 300. கூட வந்தவருக்குச் சம்பளமும் சாப்பாடும் 900. சாய்வுப் பலகைக்குச் சட்டம், ஆணி, சாக்கு எல்லாம் 650, அது ஒருமுறைச் செலவு. முந்தின இரவு தங்கியது 600. தரகும் சந்தைக் கட்டணமும் தனி, அவை எப்படிக் கொண்டுவந்தாலும் உண்டு. மருத்துவமனையில் கட்டணம் கேட்டால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆடு ஒன்றுக்கு வண்டியேற்றம் மட்டும் 600 ரூபாயைத் தாண்டியது. கண்மூடித்தனமாக ஏற்றியிருந்தால் அதில் பாதியில் முடிந்திருக்கும். முதல் பயணத்தில் நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த தொகையைவிட, செத்த குட்டியின் விலையே அதிகம். மற்றவை தேற எடுத்துக்கொண்ட ஒரு மாதத் தீவனத்தை நான் கணக்கில்கூடச் சேர்க்கவில்லை. ஆடு வாங்கப் பணம் ஒதுக்கும்போதே, நூற்றுக்குப் பத்து ரூபாயைப் பயணத்துக்கென்று எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். சந்தையில் கூட ஒரு ஆடு கண்ணில் பட்டால் அந்தப் பணத்தில் கை வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள்.

10. விற்கிற நாள்

வாங்கிய நாளுக்குச் சொன்னதெல்லாம் விற்கிற நாளுக்கும் பொருந்தும். வளர்த்தவர்கள் பலர் இதில்தான் கைவிடுகிறார்கள். பணம் வாங்கியதும் வியாபாரி எப்படி ஏற்றுகிறார் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. நான் இப்போது விலை பேசும்போதே இரண்டு நிபந்தனை சொல்லிவிடுகிறேன்: காலைக் கட்டக் கூடாது, என் பலகையில்தான் ஏற்ற வேண்டும். இரண்டு பேர் வேண்டாமென்று போனார்கள். மூன்றாமவர் ஒத்துக்கொண்டார், இன்றுவரை அவர்தான் வருகிறார்.

எங்கே வெட்டப்படுகிறது என்பதையும் கேளுங்கள். 2001-ஆம் ஆண்டின் வெட்டுக்கூட விதிகள்படி உரிமம் பெற்ற கூடத்தில், மருத்துவர் சோதித்துச் சான்று கொடுத்த பிறகே வெட்ட வேண்டும். சினை ஆட்டையும், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டியையும், அந்த வயதுக் குட்டியுள்ள தாயையும் வெட்டக் கூடாது. ஒரு விலங்கின் கண்முன்னே இன்னொன்றை வெட்டக் கூடாது. நீங்களே சிறிய அளவில் கறி விற்கப்போகிறீர்கள் என்றால், நாளொன்றுக்குப் பத்து ஆடுகள்வரை வெட்டுவதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். உள்ளாட்சி அனுமதி வேறு. இரண்டையும் கடை பிடிப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

அனுப்புகிற காலையில் ஆட்டுக்கு வழக்கம்போலத் தண்ணீர் வையுங்கள். ஒன்றை மட்டும் பிரித்து அனுப்பினால் வண்டியேறியதிலிருந்து கத்திக்கொண்டே போகும். அதனால் நான் விற்கும்போது, சேர்ந்து வளர்ந்த இரண்டையோ மூன்றையோ ஒன்றாகத்தான் அனுப்புகிறேன், அதற்காக ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தாலும்.